குனிந்த முதுகும் குனியாத ஆராய்ச்சியும்

நெல்லைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கின்றோம். நிலவுடைமை, நீர்ப்பாசனம், குடியேற்றத் திட்டங்கள், உரமானியம், நெல்லின் விலை ஆகியன பற்றியெல்லாம் பல்கலைக்கழக மண்டபங்களில் கருத்தரங்குகள் நிகழ்ந்துள்ளன, ஆய்வேடுகள் எழுதப்பட்டுள்ளன. ஆனால் அந்நெல்லை விளைவிக்கும் மனிதரின் முதுகைப் பற்றி நாம் பேசியதுண்டா? அம்முதுகு எத்தனை மணி நேரம் வளைந்து நிற்கின்றது, எவ்வளவு சுமையைத் தாங்குகின்றது, நாற்பது வயதில் ஏன் நிமிர மறுக்கின்றது என்னும் வினாக்களை எந்த ஆய்வேட்டில் எழுப்பினோம்?

நான் பிறந்த தோப்பூர், திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூர்ப் பிரதேசத்தில் அமைந்த வயல் சூழ்ந்த ஊர். பெரும்போகத்தில் விதைப்பு முடிந்து பயிர் சற்றே எழுந்ததும் பெண்கள் புல்லுப் பிடுங்க வயலில் இறங்குவர். காலையில் மடிந்த இடுப்பு பிற்பகலில்தான் நிமிரும். இடையில் வரம்பில் அமர்ந்து தேநீர் குடிக்கும் சிறு பொழுதே ஓய்வு. அறுவடைக் காலத்தில் ஆண்களின் முறை. அறுவடை இயந்திரம் வந்து அரிவாளுக்கு ஓய்வு கொடுத்தது உண்மை. மூடை தூக்கும் முதுகுக்கு அது ஓய்வு கொடுக்கவில்லை. இயந்திரம் கொட்டும் நெல்லை மூடையாகக் கட்டி, சேற்று வரம்பில் சுமந்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுபவன் இன்றும் மனிதனே. “நாரி புடிச்சிட்டு” என்னும் சொல் எங்கள் ஊரில் மழையைப் பற்றிய பேச்சைப் போல் அன்றாடம் புழங்குவது. கேட்பவர் எவரும் அதிர்ச்சியடைவதில்லை. நோவு அவ்வளவுக்கு இயல்பாகிவிட்டது.

இந்நோவைப் பற்றி மருத்துவ ஆராய்ச்சி எதுவும் நடைபெறவில்லை என எண்ணுவோர் தவறுகின்றனர். ஆராய்ச்சி மலைபோல் குவிந்துள்ளது. அது எட்டியுள்ள முடிவுகளிற் பல, எழுத்தறிவில்லாத ஒரு மூத்தம்மாவுக்கும் பத்து நிமிடத்தில் விளக்கக்கூடியவை. எனினும் அவை வயலுக்கு வந்து சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அது தற்செயலாக நேர்ந்ததன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆராய்ச்சி கூறுவது யாது?

2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடி மக்கள் நாரி நோவினால் துன்புற்றனர் எனவும், 2050இல் இத்தொகை 84.3 கோடியாக உயரும் எனவும் உலக நோய்ச்சுமை பற்றிய கணிப்பு கூறுகின்றது. மனிதரை இயலாமைக்கு உள்ளாக்கும் காரணங்களில் முதலிடம் இந்நோவுக்கே உரியது. இது கொல்லும் நோயன்று, ஆகையினாற் செய்தியாவதில்லை.

இத்தகைய நோவுக்கு நாம் இயல்பாக எதிர்பார்க்கும் வைத்தியம் யாது? ஸ்கேன் எடுத்தல், படுக்கையில் ஓய்வு, இடுப்புப் பட்டி, ஊசி, ஈற்றில் சத்திரசிகிச்சை. இவை ஒவ்வொன்றையும் ஆராய்ச்சி உரைகல்லில் உரைத்துப் பார்த்துள்ளது.

முதலில் ஸ்கேன். 1994இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், முதுகு நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. கருவியினாற் படம்பிடித்தனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோரின் முள்ளந்தண்டில் ஏதேனும் ஓர் இடைத்தட்டு புடைத்திருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான மதிப்பீடு மேலும் தெளிவானது: நோவற்றவர்களிடையே இருபது வயதினரில் 37 வீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 வீதத்தினருக்கும் இடைத்தட்டுத் தேய்வு காணப்பட்டது. தலைமயிர் நரைப்பது போலத் தட்டும் தேய்கின்றது. எனவே, படத்தில் தேய்வு தெரிவதனால் மட்டும் நோவின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டதாகாது.

அடுத்து ஓய்வு. ஹெல்சிங்கி நகர ஊழியரிடையே நடத்தி 1995இல் வெளியிடப்பட்ட ஆய்வில், திடீர் நாரி நோவு கண்டவர்களில் ஒரு பகுதியினரைப் படுக்கையில் இருத்தினர்; ஒரு பகுதியினருக்குப் பயிற்சி கொடுத்தனர்; ஏனையோரை இயன்றவரை வழமையான அலுவல்களைச் செய்யுமாறு விட்டனர். விரைவிற் குணமடைந்தோர் கடைசிப் பகுதியினரே. படுத்தவர்கள் பின்தங்கினர். மாத்திரையின் கதையும் இத்தகையதே. அவுஸ்திரேலியாவில் 1,652 பேரை உட்படுத்திய 2014ஆம் ஆண்டு ஆய்வில், புதிதாய்த் தோன்றிய நாரி நோவு பரசிற்றமோலினால் விரைந்து தீரவில்லை. வெற்று மாத்திரை உண்டோரும் அதே காலத்திற் குணமடைந்தனர்.

முழங்காலுக்கு வருவோம். ஹியூஸ்டன் நகரில் மூட்டுத் தேய்வுற்ற 180 பேரில் ஒரு பகுதியினருக்கு உட்காட்டிக் குழாய் செலுத்தி மூட்டைக் கழுவிச் சுரண்டினர். எஞ்சியோருக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு நிறுத்தினர். ஈராண்டு கழித்தும் இரு பகுதியினருக்கும் இடையே நோவில் வேறுபாடு இல்லை. இம்முடிவு 2002இல் வெளிவந்தது. தன்னுடைய குருதியின் கூறொன்றைப் பிரித்தெடுத்து முழங்காலில் ஏற்றும் ஊசி இன்று பெரும் விளம்பரத்துடன் விற்கப்படுகின்றது. 288 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு, அவ்வூசி உப்புநீர் ஊசியைவிட நோவைக் குறைக்கவுமில்லை, மூட்டின் கசியிழையத்தைக் காக்கவுமில்லை எனக் கண்டது.

இவை யாவற்றினதும் பிழிவு போன்று, உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கான தனது முதல் வழிகாட்டியை வெளியிட்டது. நோயாளிக்கு நோவின் தன்மையை விளக்குதல், உடற்பயிற்சி, உருவுதல் முதலிய கைமுறைச் சிகிச்சைகள், உளவழித் துணை, தேவைக்கேற்ப அழற்சி தணிக்கும் மருந்து ஆகியவற்றை அது பரிந்துரைக்கின்றது. இடுப்புப் பட்டி, முதுகை இழுக்கும் சிகிச்சை, அபின்வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகக் கையாள வேண்டாம் என்கின்றது.

விலக்குகள் உண்டு, அவற்றை மறைப்பது குற்றமாகும். காலில் வலுக்குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடிழத்தல், காய்ச்சல், காரணமற்ற மெலிவு, விழுந்தபின் தோன்றிய கடுநோவு ஆகியன இருப்பின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அங்கே ஸ்கேனும் சத்திரசிகிச்சையும் உயிர் காக்கும் கருவிகள். ஆனால் நாரி நோவு கண்டவர்களிற் பெரும்பான்மையோர் இவ்விலக்கினுள் அடங்குவோர் அல்லர்.

ஒரு சோடிக் காப்பின் கதை

எங்கள் வீட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். மூன்றாண்டுகளுக்கு முன் என் உம்மாவுக்கு நாரி நோவு கண்டது. ஊருக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். உம்மாவின் காப்புகள் அடகுக்குப் போயின. படத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தவர், “தட்டு விலகியிருக்கு, பாரம் தூக்கவே கூடாது, ஒப்பரேசன் செய்ய வேண்டி வரலாம்” என்று மூன்று வசனம் சொன்னார். பட்டி ஒன்று வாங்கினோம். உம்மா இரண்டு மாதம் பாயில் படுத்தார். அடுப்படிக்கு நடப்பதற்கும் அஞ்சினார். தும்மினாலும் முள்ளந்தண்டு முறிந்துவிடும் என நம்பினார். நோவு குறையவில்லை, கால்கள் மெலிந்தன.

பின்னர் அரசாங்க வைத்தியசாலையொன்றில் இயன்மருத்துவப் பகுதியிற் பணியாற்றிய தங்கை ஒருவர் உம்மாவின் எதிரே அமர்ந்து தமிழில் விளக்கினார். தட்டு என்பது கழன்று விழும் பொருளன்று, உங்கள் வயதிற் பலருக்கு இப்படித்தான் இருக்கும், நோவு இருந்தாலும் நடக்கலாம், நடப்பதனால் முறியாது, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள் என்றார். நான்கு பயிற்சிகளைச் செய்து காட்டினார். உம்மா இன்று வீட்டு அலுவல்களைச் செய்கின்றார், நோவு முற்றாக நீங்கவில்லை, அச்சம் நீங்கிவிட்டது. அன்று திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவர் என்னிடம் கேட்டார்: “மகன், இத முன்னமே ஆராவது சொல்லியிருந்தா என்ட காப்பு மிஞ்சியிருக்குமே?”

காப்பு திரும்பவில்லை. அந்த வினாவும் என்னை விட்டகலவில்லை. உம்மாவுக்குத் தேவைப்பட்டது ஓர் விளக்கம். விற்கப்பட்டது ஒரு படம். படத்துக்கு விலை உண்டு, விளக்கத்துக்கு விலை இல்லை. விலையுள்ளது விரைந்து பரவும். விலையற்றது நூலகத்திற் கிடக்கும். நடப்பதை எவரும் பொட்டலம் கட்டி விற்க இயலாது. ஆராய்ச்சியின் முடிவுகள் வயலுக்கு வந்து சேராமைக்கு முதற் காரணம் இதுவே.

வாதம் என்னும் ஒரு சொல்

இரண்டாவது காரணம் மொழி. எங்கள் ஊரில் மூட்டில் எது வந்தாலும் அதற்குப் பெயர் ‘வாதம்’. மூடை சுமந்து தேய்ந்த முழங்காலும் வாதம்; விரல் மூட்டுகள் வீங்கிக் கோணும் நோயும் வாதம். ஆனால் மருத்துவ நோக்கில் இவை வெவ்வேறானவை. முன்னையது தேய்வு. பின்னையது உடலின் காவற்படையே தன் மூட்டைத் தாக்கும் முடக்குவாதம். தேய்வுற்ற முழங்காலுக்கு அவசரம் இல்லை. பயிற்சியும், எடைக் குறைப்பும், பொறுமையும் வேண்டும். முடக்குவாதத்துக்கோ ஒவ்வொரு மாதமும் முக்கியமானது. தொடக்க மாதங்களில் மெதொட்ரெக்சேற் போன்ற மருந்தை வைத்தியரின் கண்காணிப்பில் ஆரம்பித்தால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம். தாமதித்தாற் கோணிய விரல் மீளாது. காலையில் எழுந்ததும் நெடுநேரம் கை மடங்காதிருத்தல், இரு கைகளிலும் சிறு மூட்டுகள் ஒருங்கே வீங்குதல் ஆகியன அதன் முன்னறிகுறிகள். அந்த மருந்து விலை மலிந்த பழைய மருந்து.

எத்துணை முரண்பாடு! அவசரமற்ற நோவுக்குக் காப்பை அடகு வைத்து ஓடுகின்றோம். அவசரமான நோய்க்கு எண்ணெய் பூசிக் காத்திருக்கின்றோம். ஒரே சொல் இரண்டையும் மூடி மறைப்பதன் விளைவு இது. முறிவு நெரிவு வைத்தியரை நான் இங்கு பழிக்க முன்வரவில்லை. அவருடைய உருவுதல் நோவைத் தணிப்பதை மேற்படி வழிகாட்டியே ஓரளவு ஏற்கின்றது. பழமை என்பதனால் ஒன்றைப் போற்றுவதும், பழமை என்பதனால் ஒன்றைத் தூற்றுவதும் ஒரே வகைச் சோம்பல். பரிசோதித்துப் பார்த்தலே அறிஞர் கடன்.

எவருடைய முதுகு அளக்கப்பட்டது?

மூன்றாவது காரணம் ஆராய்ச்சிக்கு உள்ளேயே உள்ளது. மேலே நான் எடுத்துக்காட்டிய சோதனைகள் ஹெல்சிங்கி, ஹியூஸ்டன், அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் நிகழ்ந்தவை. செல்வந்த நாடுகளில் இருந்தே பெரும்பாலான சான்றுகள் வருகின்றன என்பதனை 2018இல் ‘லான்செற்’ இதழ் வெளியிட்ட நாரி நோவு பற்றிய கட்டுரைத் தொடரும் ஒப்புக்கொண்டது.

இதனால் விளையும் குறை சிறிதன்று. நாரி நோவிலிருந்து மீண்ட 701 பேரை உட்படுத்தி 2024இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு, படிப்படியாக நடைப்பயிற்சி செய்தோருக்கு நோவு திரும்ப 208 நாட்களும் செய்யாதோருக்கு 112 நாட்களும் சென்றன எனக் காட்டிற்று. அருமையான முடிவு. ஆனால் வட்டைக்கும் வீட்டுக்கும் இடையே நாள்தோறும் நடந்து, ஆறு மணி நேரம் சேற்றிற் குனிந்து நிற்கும் பெண்ணிடம் சென்று “நடவுங்கள் ராத்தா” என்று கூறின், அவர் சிரிக்கமாட்டாரா? அவருக்கு வேண்டியது மேலும் நடையன்று. குனிதலுக்கு இடையே நிமிர்தல். கதிரையில் அமர்ந்தவனுக்கு எழுதிய மருந்து, வயலில் வளைந்தவளுக்குப் பொருந்துமா என எவரும் சோதித்தாரா?

வேறு மக்களை அளந்தால் வேறு உண்மைகள் வெளிப்படும் என்பதற்குச் சான்று உண்டு. பீஜிங் நகர முதியோரை ஆராய்ந்தவர்கள், அங்குள்ள பெண்களிடையே முழங்கால் மூட்டுத் தேய்வு அமெரிக்கப் பெண்களைவிட மிகுதி எனக் கண்டனர். இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குந்தியிருந்தமைக்கும் அத்தேய்வுக்கும் தொடர்பு உண்டு என்பது 2004இல் வெளியிடப்பட்டது. குந்தியிருக்காத நாட்டில் ஆயிரம் ஆண்டு ஆராய்ந்தாலும் இவ்வுண்மை கிட்டியிராது. அயல் நாடான இந்தியாவிலும் முன்மாதிரி உண்டு. கிராம மக்களின் மூட்டு நோய்களை வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கும் ‘கொப்கோட்’ என்னும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனமும் மூட்டுநோய் வைத்தியர்களின் சர்வதேசக் கழகமும் 1981இல் தொடக்கின. புனே மாவட்டத்துப் பிக்வான் கிராமத்தில் வைத்தியர் அரவிந்த் சோப்ரா 1996இல் அதனை ஆரம்பித்து, நாலாயிரத்துக்கு மேற்பட்ட வயது வந்தோரை விசாரித்தார். அதற்கு வேண்டியிருந்தவை வினாத்தாளும், பயின்ற ஊர்த் தொண்டரும், நடக்கும் கால்களுமே. பிக்வானில் இயன்றது தோப்பூரில் ஏன் இயலாது?

சுமையின் கணக்கையும் ஈண்டு நோக்குக. வயது வந்த ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்னும் பரிந்துரையைச் சர்வதேசத் தொழில் நிறுவனம் 1967இலேயே ஏற்றுக்கொண்டது. அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு நிலையம் 1991இல் திருத்திய கணிப்பின்படி, எல்லாச் சூழலும் சாதகமாக அமைந்தாலும் கையால் தூக்கத் தக்க எடை 23 கிலோ. சேற்று வரம்பும் வெயிலும் சாதகமான சூழலா? நெல் மூடையின் அளவைத் தீர்மானிப்பவன் அதைத் தூக்குபவன் அல்லன். மூடையைப் பாதியாக்கினால் வண்டியின் நடை கூடும், சாக்கின் செலவு கூடும் என வணிகர் கூறுவர். முதுகின் செலவு எவருடைய கணக்கேட்டில் எழுதப்படுகின்றது?

சில மறுப்புகள்

வைத்தியருக்கு நேரமில்லை என்பர் சிலர். உண்மை, 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் வைத்தியர் பலர் நாட்டை விட்டுச் சென்றனர், எஞ்சியோர் சுமை தாங்குகின்றனர். ஆனால் விளக்கம் வைத்தியரின் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்னும் விதி உண்டா? தாதியர், குடும்பநல உத்தியோகத்தர், ஆசிரியர், பள்ளிவாசலிலும் கோயிலிலும் பேசுவோர் ஆகிய யாவரும் சொல்லக்கூடிய செய்தி இது.

ஊசி போடாவிட்டாற் கிராமத்தவர் நம்பமாட்டார் என்பர் வேறு சிலர். என் உம்மா பத்து நிமிடத்தில் நம்பினார். கிராமத்தவர் நம்பாதவர் அல்லர். அவரிடம் எவரும் விளக்கியதில்லை என்பதே உண்மை.

கலைப்பீட மாணவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என வினவுவோரும் உளர். நோவு கூலியோடும், நிலத்தோடும், பெண்ணின் நிலையோடும், மொழியோடும் பிணைந்தது எனக் கண்டபின், அது கலைப்பீடத்துக்குப் புறம்பானது என எங்ஙனம் கூறுவது? சமூகவியல், புவியியல், பொருளியல், தமிழ் ஆகிய நான்கு துறைகளும் தோள்கொடுக்காமல் இவ்வினாவை வைத்தியர் தனித்துத் தீர்க்க இயலாது.

கிறீன் விட்டுச் சென்ற பணி

மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல முடியாது என்பாருக்கு யாழ்ப்பாண வரலாறே விடை கூறும். 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இலங்கை வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் சமயப் பணிக்கு வந்தவர் என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் நோயாளியின் மொழியில் அறிவு இருக்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். 1873இல் அவர் நாடு திரும்பினார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், நமது மருத்துவ பீடங்கள் ஆங்கிலத்திற் கற்பிக்கின்றன. நமது தமிழ்ச் சங்கங்கள் தமிழின் தொன்மை பற்றிப் பேசுகின்றன. அயலவர் ஒருவர் சேற்றில் இறக்கிய தமிழை நாம் மேடைக்கு ஏற்றி மாலையிட்டு வைத்திருக்கின்றோம்.

நான் கேட்பது பெரிதன்று. முதலாவது, நாரி நோவு, மூட்டுத் தேய்வு, முடக்குவாதம் ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி விளக்கும் சிறு நூலொன்றை, மருத்துவ, சித்த மருத்துவ மாணவரும் கலைப்பீட மாணவரும் இணைந்து, வயலிற் புழங்கும் சொற்களில் எழுதுதல் வேண்டும். ‘நாரி’ என்ற சொல் இருக்க ‘கீழ்முதுகுப் பிரதேசம்’ என எழுதுதல் வேண்டா. இரண்டாவது, ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரேயொரு வட்டையைத் தெரிந்து, அங்கே தொழில் புரிவோரின் நோவையும் வேலை நேரத்தையும் மூடையின் எடையையும் கணக்கெடுத்தல் வேண்டும். மூன்றாவது, அக்கணக்கைக் கையில் ஏந்தி, மூடையின் எடைக்கு வரம்பு கேட்டல் வேண்டும்.

இவை செய்யப்படும் வரை, ஆராய்ச்சி தலைநிமிர்ந்து நடக்கட்டும். அதனால் எங்கள் ஊர் முதுகு நிமிரப் போவதில்லை. வயலிற் குனிந்து நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமாயின், பார்ப்பவரும் சற்றே குனியத்தான் வேண்டும். முதலிற் குனியவேண்டியவர்கள், அந்நெல்லை உண்டு, அம்மக்களின் வரியில் இலவசமாகக் கற்று, இம்மலரைக் கையில் வைத்திருக்கும் நாமே.